சிரிக்கச் சொல்லலாமா?

பெருநாள் நெருங்கினால் எங்கள் பக்கத்துக் கடற்கரைகளில் ஒரு புதுக் காட்சி காணக் கிடைக்கிறது. ஒரே நிறத்தில் உடுத்த குடும்பங்கள். வாப்பாவின் சேர்ட், மகனின் ஜுப்பா, மகளின் கவுண், உம்மாவின் தலைச்சீலை எல்லாமே ஒரே கடல்நீலம். அவர்களுக்கு முன்னால் ஓர் இளைஞன் கமராவைப் பிடித்தபடி பின்புறமாக நடக்கிறான். "என்னைப் பார்க்க வேணாம், இயல்பா கதைச்சுக்கிட்டு வாங்க" என்கிறான். வருகிறார்கள். சரிவரவில்லை. "ஒருக்காத் திரும்பிப் போய், மறுபடி இயல்பா வாங்க." நாலாவது தடவையில் கடைக்குட்டி மணலில் குந்திக்கொண்டு எழும்ப மறுக்கிறான்.

முன்னைய தலைமுறைக்கு இந்தக் கஷ்டம் இருக்கவில்லை. அவர்கள் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். நீர்வீழ்ச்சி வரைந்த திரைக்கு முன்னால் வாப்பா கதிரையில் இருந்தார். உம்மா பக்கத்தில் நின்றார். பிள்ளைகள் உயரப்படி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. அது ஒரு சடங்கு. சடங்கு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் படங்களில் பொய் இல்லை என்றே எனக்குப் படுகிறது. கதிரையில் விறைத்துப்போய் இருக்கும் மனிதர், தான் படத்துக்காக இருக்கிறேன் என்பதை ஒளிக்கவில்லை. இன்றைக்கு நாம் கேட்பது வேறு. ஆயத்தம் செய்ய வேண்டும், ஆனால் ஆயத்தம் செய்தது தெரியக்கூடாது. சந்தோஷமாக இருக்க வேண்டும், அதுவும் குறித்த ஒரு மணித்தியாலத்துக்குள். பெரியவர்கள் இதை எப்படியோ ஒப்பேற்றி விடுகிறோம். கலியாண வீடுகளிலும் கூட்டங்களிலும் பழகிய முகம் நமக்கு இருக்கிறது. பிள்ளைக்கு அந்த முகம் இல்லை. அதை அவனிடமிருந்து எப்படியாவது பெறவேண்டும். எப்படிப் பெறுகிறோம் என்பதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

படம் பற்றிய விவாதம் எங்கள் ஊர்களுக்குப் புதிதல்ல. ஆகுமா ஆகாதா என்று திண்ணைகளிலும் பள்ளிவாசல் முற்றங்களிலும் நிறையவே பேசியாகிவிட்டது. எகிப்திய இராணுவ அதிகாரியான முஹம்மத் ஸாதிக் 1861இலேயே மதீனா நகரைப் படம் எடுத்துவிட்டார். 1880களில் மக்காவில் வாழ்ந்த அப்துல் கப்பார் என்ற வைத்தியர் ஹாஜிகளைப் படம் பிடித்தார். பின்னர் எகிப்தின் முப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ, கமரா எதையும் படைப்பதில்லை, இருக்கும் நிழலைப் பிடித்து வைக்கிறது, ஆகவே அது விலக்கப்பட்ட உருவமாக்கலில் சேராது என்று வாதிட்டார். ஷைக் இப்னு பாஸ் போன்றோர், அடையாள அட்டை போன்ற அவசியத்துக்கு அப்பால் அதை ஏற்கவில்லை. இந்த வழக்கைத் தீர்ப்பதற்கு நான் ஆளல்ல. ஆனால் இரு தரப்பாரும் பேசியது எடுத்து முடிந்த படத்தைப் பற்றி. கமராவின் பொத்தானை அமுக்குவதற்கு முந்திய பத்து நிமிடங்களில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பது அந்த விவாதத்துக்குள் வரவில்லை. அந்தப் பத்து நிமிடங்களைத் தொடும் ஹதீஸ் ஒன்று அபூதாவூதில் இருக்கிறது; அது படத்தைப் பற்றியதே அல்ல.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரழி) சிறுவராக இருந்தபோது நடந்தது. நபி (ஸல்) அவர்கள் அவரது வீட்டில் இருந்தார்கள். அவரது தாயார், வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று மகனைக் கூப்பிட்டார். என்ன கொடுக்க எண்ணினீர் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றுமே கொடுக்காதிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்பதே நபியவர்கள் சொன்னதன் கருத்து.

எவ்வளவு சிறிய விஷயம். ஒரு பழம், ஒரு கூப்பிடு. எந்தத் தாய்தான் அப்படிச் சொல்லவில்லை? ஆனாலும் பிள்ளையிடம் சொன்ன பொய்யும் பொய்யென்றே அங்கே கணக்கில் எடுக்கப்படுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு படப்பிடிப்பைப் பாருங்கள். "மகன், இஞ்ச பாருங்க, குருவி வரப் போகுது." குருவி வருவதில்லை. "சிரிச்சா ஐஸ்கிறீம்." அதைக் கொடுப்போரும் உண்டு, வழியிலேயே மறந்துபோவோரும் உண்டு. "இது கடைசிப் படம்." அதற்குப் பிறகு பதினைந்து படங்கள். "அழுதா பொலிஸ் பிடிச்சிக்கிட்டுப் போகும்." இத்தனையும் முடிந்த பின்னர் கிடைக்கும் படத்தின் கீழ், எங்கள் மகிழ்ச்சியான குடும்பம் என்று எழுதிச் சுவரில் தொங்கவிடுகிறோம்.

அந்தக் குருவிக்கு வயது அதிகம். 1839இல் தாகெர் தம் முறையை உலகுக்கு அறிவித்தபோது ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியிருந்தது. நேரம் குறைந்த பின்னரும் பிள்ளைகளை அசையாமல் வைப்பது பெரும் பாடாகவே இருந்தது. ஆகவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தாயைக் கதிரை போலத் துணியால் மூடி உட்காரவைத்து, அவள் மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் பழைய படங்களில் கொழுகொழுவென்ற குழந்தைக்குப் பின்னால் துணி போர்த்த ஓர் உருவம், கை மாத்திரம் வெளியே தெரிய, இன்றைக்கும் இருக்கிறது. பிள்ளையின் கண்ணை ஓரிடத்தில் நிறுத்தப் பித்தளையில் செய்த குருவியையும் வைத்திருந்தார்கள். அமுக்கினால் அது கீச்சிடும். அவர்கள் குருவி என்று சொன்னபோது உண்மையிலேயே ஒரு குருவி இருந்தது! பித்தளையை விட்டுவிட்டுப் பொய்யை மாத்திரம் வைத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

1900இல் கொடாக் நிறுவனம் ஒரு டொலருக்கு 'பிரௌனி' கமராவை விற்கத் தொடங்கியது. கமரா வீட்டுக்குள் வந்தது. விடுமுறையும் விளையாட்டும் படத்துக்குள் வந்தன. காலப்போக்கில் சிரிப்பு படத்தின் கட்டாயக் கடமையாகிவிட்டது. ஆனால் கட்டளைக்குச் சிரிப்பு வருமா? பிரெஞ்சு மருத்துவர் துஷென் 1862இல் எழுதிய நூலில் இதை ஆராய்ந்தார். வாயின் ஓரத்தை மேலே இழுக்கும் தசை நம் விருப்பத்துக்குப் பணிகிறது. கண்ணைச் சுற்றியுள்ள தசை அப்படிப் பணிவதில்லை. உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் அது அசைகிறது என்றார். எந்தத் தாய்க்கும் இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். "வாய்தான் சிரிக்குது, கண் சிரிக்கல்ல" என்று அவள் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்வாள்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பிள்ளையைப் பழக்காமல் விடுவதா? பெரியவரைக் கண்டால் ஸலாம் சொல்லு என்கிறோம், மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். விருந்தாளியின் முன் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கலாமா? சிரிப்பும் அந்த மாதிரி ஒரு மரியாதைதானே? இருபது வருடமாகப் பிள்ளைகளுடன் காலம் கழிப்பவன் என்ற வகையில் இந்த ஆட்சேபத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். பழக்கம் வேண்டும். ஆனால் ஸலாம் ஒரு மனிதருக்குப் போய்ச் சேருகிறது. அவரிடமிருந்து பதிலும் வருகிறது. பிள்ளை கொடுக்கல் வாங்கலைக் கற்றுக்கொள்கிறது. கமராவுக்குக் கொடுக்கும் சிரிப்பு யாருக்குப் போகிறது? அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் இல்லை. நாளைக்குப் பார்க்கப்போகும் நமக்கும், நம்மைப் பார்க்கப்போகும் ஊருக்கும். சகோதரனின் முகம் பார்த்துப் புன்னகைப்பதும் ஸதகா என்று நபிமொழி இருப்பதை எல்லோரும் அறிவோம். ஸதகா என்றால் கொடுப்பவன் கொடுக்க வேண்டும். சட்டைப்பையில் கைவிட்டு எடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

இன்னுமொன்று. உன் முகத்தில் இருக்கும் உணர்ச்சி சரியில்லை, அதை மாற்று என்று நாலு வயதில் ஒரு பிள்ளைக்குத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது என்ன விளங்கிக்கொள்ளும்? தன் முகம் தன்னுடையதல்ல என்றுதான். என் வகுப்பில் சில பிள்ளைகள் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியை யார் உயர்த்தினாலும் அவர்களுடைய முகம் ஒரு விநாடியில் மாறும். இறக்கினால் இன்னொரு விநாடியில் அணையும். மின்குமிழின் ஆளியைப் போட்டு அணைப்பது போல. அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அழுதுகொண்டிருக்கும் பிள்ளையைத் தேற்றத் தெரியும். இவர்களை என்ன செய்வது?

படமே வேண்டாம் என்று சொல்லவா இவ்வளவும் எழுதுகிறேன்? இந்தக் கரையில் பிறந்தவன் அப்படிச் சொல்ல முடியாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் வந்துபோன பின்னர் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் இல்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுக்க அதே கதை. அன்று கல்முனை ஆஸ்பத்திரியில் 81ஆவது ஆளாகப் பதிவு செய்யப்பட்ட கைக்குழந்தை ஒன்றைப் பற்றி உலகமே பேசியது. ஒன்பது தாய்மார் உரிமை கோரினார்கள் என்று செய்தி பரவியது. முறையாகக் கோரியது ஒரேயொரு தம்பதிதான் என்று பின்னர் தெரியவந்தது. அந்தத் தாயும் தகப்பனும் இது எங்கள் பிள்ளை என்றார்கள். நிரூபிக்க வேண்டியிருந்தது. கடல் வீட்டோடு கடதாசிகளையும் கொண்டு போயிருந்தது. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்கு உத்தரவிட்டு, 2005 பெப்ரவரியில் முடிவு வந்த பின்னரே பிள்ளை பெற்றோரின் கைக்கு வந்தது. ஒரு முகத்தைத் தெரியும் என்பது வேறு, தெரியும் என்று பிறருக்குக் காட்டுவது வேறு என்பதைக் கல்முனை அந்த ஏழு வாரங்களில் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த தாய் ஒருவர் அன்று ஒன்பது வயது மகளை இழந்தார். வீட்டில் இரண்டு அல்பங்கள் இருந்தன. மகளின் பிறந்தநாள், பெருநாள், மூத்தவரின் கலியாணம் என்று நல்ல உடுப்பும் நல்ல சிரிப்புமாக எடுத்த படங்கள். ஒன்றும் மிஞ்சவில்லை. பல மாதங்களின் பின்னர், மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டிலிருந்து ஒரு படம் கிடைத்தது. பாடசாலை விளையாட்டுப் போட்டியன்று எடுத்த குழுப்படம். அதில் மகள் இரண்டாவது வரிசையில், வெயிலுக்கு நெற்றியைச் சுருக்கி, ஒரு கண்ணைக் குறுக்கி, உதட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறாள். ஸ்டூடியோவில் கொடுத்துப் பெருப்பிக்கச் சொன்னார் தாய். கடைக்காரர் நல்லெண்ணத்தில், முகத்தைக் கொஞ்சம் கணினியில் திருத்திச் சிரித்த மாதிரிப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். தாய் விடவில்லை. "என்ட புள்ள வெயிலுக்க இப்படித்தான் நிப்பா" என்றார்.

அந்த ஒரு வசனம் என்னைப் பல வருடங்களாக விட்டுப்போகவில்லை. படம் எதற்கு என்ற கேள்விக்கு நான் அறிந்த மிகச் சரியான பதில் அது. மகிழ்ச்சியாக இருந்தாள் என்பதற்கான சான்று அவருக்குத் தேவைப்படவில்லை. அது அவருக்குத் தெரியும். அவர் தேடியது அவள் நின்ற விதத்தை. நாம் இன்று காசு கொடுத்துப் படத்திலிருந்து அகற்றுவதெல்லாம் அந்த விதத்தைத்தான்: விழுந்த பல், கலைந்த முடி, வேறெங்கோ பார்க்கும் கண், உம்மென்ற முகம். இப்போது அதற்கு ஆளும் தேவையில்லை. கூகுள் நிறுவனம் 2023இல் வெளியிட்ட பிக்ஸல் 8 கைத்தொலைபேசியில், அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்றிலுள்ள முகத்தை இன்னொன்றில் பொருத்தும் வசதி வந்துவிட்டது. வாப்பா சிரித்த கணம் ஒன்று, மகன் சிரித்த கணம் இன்னொன்று. படத்தில் இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். நிழலைப் பிடித்து வைத்தல் என்ற முப்தி பகீதின் நியாயம் இந்தப் படத்துக்குப் பொருந்துமா? அப்படி ஒரு நிழல் எந்த நிலத்திலும் விழவில்லையே.

ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு, சேற்றிலிருந்து படங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகக் கழுவி, உலர்த்தி, உரியவர்களைத் தேடிக் கொடுத்தார்கள். யமமோட்டோ என்ற ஊரில் மாத்திரம் இப்படிச் சுமார் 750,000 படங்களைத் தொண்டர்கள் மீட்டார்கள். நாங்கள் செய்யவில்லை, செய்யும் நிலையிலும் இருக்கவில்லை. அடுத்தவரின் அல்பத்துக்காக இவ்வளவு பாடுபட்டவர்கள், அதில் யார் அழகாகச் சிரிக்கிறார்கள் என்று பார்த்துப் பொறுக்கியிருக்க மாட்டார்கள்.

ஆகவே ஆயத்தம் செய்யத்தான் வேண்டும். பிள்ளையை அல்ல, நம்மை. இதில் பெரும்பகுதி மிகச் சாதாரண விஷயங்கள். முதலாவது நேரம். சூரியன் கடலில் மறையும் படங்களைப் பார்த்துவிட்டு நம்மவர்களும் பின்னேரமே கடற்கரைக்கு ஓடுகிறார்கள். அது மேற்குக் கரைக்காரருக்குச் சரி. நமக்குச் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. ஸுபஹுத் தொழுத கையோடு போனால் ஆறரை மணிக்கு இதமான வெளிச்சம் நேரே முகத்தில் விழும். பிள்ளைகளும் அப்போதுதான் தூங்கி எழும்பியிருப்பார்கள். பின்னேரப் பிள்ளை களைத்த பிள்ளை. ஒன்பது மணியானால் வெயில் சுடத் தொடங்கும், எல்லோரும் அந்தச் சிறுமியைப் போல் கண்ணைக் குறுக்குவோம். அடுத்தது வயிறு. பசியோடு எந்தப் பிள்ளையும் நல்ல பிள்ளையல்ல. உடுப்பு, முந்தைய நாள் வாங்கிய விறைத்த கொலரும் அரிக்கும் சரிகையுமாக இருந்தால் படம் முழுக்க அவன் கை கழுத்தில்தான் இருக்கும். மருதமுனைத் தறியில் நெய்த மெல்லிய பருத்தித் துணி போதும், அதையும் இரண்டு தரம் உடுத்துக் கழுவிய பிறகு. ஒரே நிறம் வேண்டுமென்று அடம்பிடிப்பவர் யார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், பிள்ளையாக இருக்காது.

இவற்றைவிடப் பெரியது உண்மை சொல்வது. நாளைக்குக் கடற்கரைக்குப் போகிறோம், ஒரு மாமா வந்து படம் எடுப்பார், கொஞ்ச நேரம் எடுக்கும், உங்களுக்கு அலுப்பாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துபோகும்? பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள், ஏமாற்றத்தைத்தான் தாங்கமாட்டார்கள். டொபி தருவதாகச் சொன்னால் தர வேண்டும், சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும். கடைசிப் படம் என்றால் அது கடைசியாகவே இருக்க வேண்டும். படம் எடுப்பவரிடம், பிள்ளையைக் கூப்பிட வேண்டாம், அவன் நண்டுக் குழி தோண்டட்டும், நீங்கள் இருந்து எடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லலாம். மூத்தம்மாவையும் கூட்டிப்போய் ஒரு பாயில் இருத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிள்ளைகள் தாமாக அந்த மடியைத் தேடி வருவார்கள். வாப்பாமார் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். கொடுத்த காசை அந்த ஒரு மணித்தியாலத்துக்கு மறந்திருப்பது. கடற்கரையில் அடிவாங்கும் பிள்ளைகளில் அநேகர் அந்தக் காசுக்காகத்தான் வாங்குகிறார்கள்.

வேண்டாம் என்று பிள்ளை சொன்னால்? சொல்ல விடுங்கள். ஒருவர் குறைந்த குடும்பப்படம், அன்று அவர் வர மறுத்தார் என்ற உண்மையைச் சொல்லும் படம். பின்னொரு காலத்தில் அதுவே வீட்டில் அதிகம் பேசப்படும் படமாக இருக்கும்.

எடுத்த படத்தை ஊர் பார்க்கப் போடுவது தனியாக எழுத வேண்டிய விஷயம். சிறுவர் உரிமைச் சாசனத்தின் 16ஆம் உறுப்புரை பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. பிரான்ஸில் 2024 பெப்ரவரியில், பிள்ளையின் படத்தைப் பயன்படுத்துவதில் அதன் அந்தரங்கத்தை மதிக்கும் கடமை பெற்றோருக்கு உண்டு என்று சட்டமே செய்தார்கள். சட்டம் வரும்வரை காத்திராமல், ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் இந்தப் படத்தைப் போடட்டுமா மகள் என்று ஒருதரம் கேட்பதற்கு நமக்கு வாய் இருக்கிறது.

கடைசியில் படக்காரர் ஒரு வேலை செய்வார். முந்நூறு எடுத்து முப்பதைத் தெரிந்து, மற்றவற்றை அழித்துவிடுவார். கண் மூடியது, திரும்பி நின்றது, அழுதது, தம்பிக்கு அடித்தது, அலையைக் கண்டு ஓடியது எல்லாம் அதில் போய்விடும். அழிக்க வேண்டாம், அவற்றையும் தாருங்கள் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பென்டிரைவ் போதும். சிலவற்றைக் கடதாசியில் அச்சிட்டு, பின்பக்கத்தில் பெயரும் திகதியும் எழுதி, ஒரு பிரதியைக் கரையிலிருந்து தள்ளி, சம்மாந்துறைப் பக்கம் இருக்கும் சாச்சி வீட்டிலோ மாமி வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.